எடில்சாவின் இருபத்து நான்கு படங்கள்

அடிபட்ட கார்களைப் படம் எடுப்பதுதான் நூரிஸ் அல்தமாரின் பிழைப்பு. கொலம்பியாவின் பரான்கியா நகரத்தில் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காகப் பதினோரு வருடங்களாகப் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி, நசுங்கிய கதவையும் உடைந்த விளக்கையும் நாலு பக்கமிருந்தும் எடுத்து அனுப்பி வந்தாள். அவள் படத்தில் ஒரு கீறல்கூடத் தப்பாது. படம் எடுப்பதில் தன்னை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை என்று நாற்பத்தாறு வயதுவரை நினைத்திருந்தாள். எடில்சா சாரிஸ் கேமராவைத் தொடும்வரை அது உண்மையாகவும் இருந்தது.

எடில்சா பக்கத்துத் தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தாள். நூரிஸின் மகளுக்கு அவள்தான் ஞானத்தாய். அந்த முறையில் இருவரும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்று கூப்பிடுவார்கள். சனிக்கிழமைதோறும் நூலகத்து மாடியில் கூடும் புகைப்படக் குழுவுக்குத் தனியாகப் போக அலுத்துப்போய், நூரிஸ்தான் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தன் பழைய கேமராவையும் கொடுத்தாள். முதல் நாள் மூடியைக் கழற்றாமலே கண்ணில் வைத்துக்கொண்டு, ஒரே இருட்டாக இருக்கிறதே என்று கேட்டவள் எடில்சா. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை என்று நூரிஸ் பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

குழுவை நடத்தியவர் யெஸித் அஹுமாதா; பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். என்னத்தை எடுப்பதென்றே தெரியவில்லை என்று எல்லாரும் புலம்பியபோது அவர் ஒரு வேலை வைத்தார்.

"கீழே அலமாரி நிறைய படப் புத்தகம் கெடக்கு. போய்ப் பாருங்க. ஒரு ஆள் எதை விடாம திரும்பத் திரும்ப எடுத்திருக்கான்னு கண்டுபிடிங்க. அதுல எது உங்களை உறுத்துதோ, அங்கேருந்து உங்க வேலையை ஆரம்பிங்க."

நூரிஸ் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. ஒன்பது புத்தகங்களை எடுத்துவந்து, நோட்டில் கட்டம் போட்டுக் குறித்தாள். ஒருவர் ஆள் எழுந்துபோன படுக்கைகளையே வாழ்நாள் முழுக்க எடுத்திருந்தார். இன்னொருவர் ஒரே தெருமுனையை முப்பது வருடம். மற்றொரு பெண் கடைக் கண்ணாடிகளில் தெரிந்த நிழல்களை மட்டும். படுக்கையில் தொடங்கலாம் என்று நூரிஸ் அண்டை வீடுகளின் கதவைத் தட்டினாள். எதிர்வீட்டு தெனிஸ் அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே ஓடி, புது விரிப்புப் போட்டு, தலையணைக்குப் பூவேலை உறை மாட்டி, ஜன்னல் திரையையும் சரிசெய்த பிறகுதான் வரச் சொன்னாள். கசங்கியபடியே இருக்கட்டும் என்று நூரிஸ் எவ்வளவோ கெஞ்சினாள். "என் மானத்தை ஊருக்குக் காட்டவா?" என்று கேட்டாள் தெனிஸ். பிறகு கண்ணாடி நிழல்களை முயன்றாள். அதன்பின் தெருமுனை. எல்லாமே விபத்து அறிக்கை மாதிரி வந்தன. யெஸித் நெடுநேரம் பார்த்துவிட்டு, "ரொம்பத் தெளிவா இருக்கு" என்றார். அந்த ஒரு சொல்லை அவள் வீடுவரை சுமந்துகொண்டு போனாள்.

எடில்சா ஒரே ஒரு புத்தகத்தை அலமாரி ஓரமாக நின்றபடியே பத்து நிமிடம் புரட்டினாள். இந்த ஆள் எல்லாரையும் தண்ணீர் ஓரமாகவே வைத்து எடுத்திருக்கிறான், நமக்கும்தான் மக்தலேனா ஆறு இருக்கிறதே என்றாள். புத்தகத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஆற்றங்கரையில் தொடங்கிச் சந்தை, பேருந்து, கடற்கரை என்று அவள் எடுத்த ஆட்களின் இருபத்து நான்கு படங்கள் ஆறு மாதத்தில் நூலகத்துக் கீழ்க்கூடத்தில் மாட்டப்பட்டன. செய்தித்தாளில் அரைப் பக்கம் வந்தது.

திறப்பு நாளில் நூரிஸ் நல்ல பூப்போட்ட உடையில் போய் எடில்சாவைக் கட்டிக்கொண்டு வாழ்த்தினாள். மரவள்ளி மாவுக்குள் கறி அடைத்துப் பொரித்துத் தட்டில் வந்த கரிமன்யோலாவை அவள் வேண்டாம் என்று சொல்லி யாரும் கேட்டதில்லை, அன்று சொன்னாள். படங்கள் நன்றாக இருந்தன. அதுதான் தாங்கவில்லை. மோசமாக இருந்திருந்தால் மனமாரப் புகழ்ந்திருப்பாள். பதினேழாவது படத்தில் அவளும் இருந்தாள். குழு போர்த்தோ கொலம்பியா கடற்கரைக்குப் போன நாளில் எடுத்தது. ஓரத்தில் பாதி முகம் மட்டும், எங்கோ பார்த்துக்கொண்டு. தன்னைப் பாதியாக வெட்டிவிட்டாள் என்று அதற்கும் ஒரு புகைச்சல்.

இவளுக்கு இது தானாக வந்திருக்காது, எங்கிருந்தோ சுட்டிருக்கிறாள் என்று நூரிஸ் முடிவு கட்டினாள். அடுத்த நாள் வேலைக் கேமராவோடு போய், சுவரிலிருந்த இருபத்து நான்கையும் ஒன்றுவிடாமல் எடுத்துவந்து, சின்னதாக அச்சுப்போட்டு, சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். சுற்றிலும் நூலகப் புத்தகங்கள். அவள் கணவன் வில்ஃப்ரிதோ, குளிர்பெட்டி பழுதுபார்ப்பவன், நாலு நாள் சூப்பை நின்றுகொண்டே குடித்தான்.

"கேஸ் எப்படிப் போகுது? வண்டி எங்க அடிபட்டிருக்கு?" என்று கேட்டான்.

ஒன்பது புத்தகம் பதினாலு ஆயிற்று. எந்தப் பக்கத்திலும் எடில்சாவின் படம் இல்லை. அவள் திருடவில்லை. அது உறுதியான நாளில் நூரிஸுக்கு அழுகைதான் வந்தது.

ஆனாலும் படங்களை மேசையிலிருந்து எடுக்க மனம் வரவில்லை. வில்ஃப்ரிதோ கேலியாகக் கேட்டதைத்தான் அவள் தன் தொழிலில் முதல் கேள்வியாகக் கேட்பாள்: அடி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? வேறு வேலை இல்லாத கண் தன் பழக்கத்துக்குப் போயிற்று. நிழல் விழும் திசை, தலை திரும்பிய கோணம். பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது. எல்லாப் படத்திலும் யாரோ ஒருவர் படத்துக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்; பட்டத்து நூலில் தூண்டிலைக் கட்டிப் பறக்கவிட்டு மீன் பிடிக்கும் கிழவர்கூட. இதை யெஸித் சொல்லவில்லை, செய்தித்தாள் எழுதவில்லை.

மறுநாள் மருந்துக்கடைக்குப் போய், தலைவலி மாத்திரை கேட்பதுபோலக் கேட்டாள். "ஏன் கொமாத்ரே, அந்தப் பட்டம் விட்டு மீன் பிடிக்கிற கிழவர் எதைப் பார்த்துக்கிட்டிருந்தார்?"

"எனக்கென்ன தெரியும்? நான் அவரைத்தானே பார்த்தேன்" என்றாள் எடில்சா, மாத்திரையை எண்ணியபடியே.

பல மாதங்களில் நூரிஸுக்குக் கிடைத்த முதல் நிம்மதி அது. எடில்சாவுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது.

அன்றிலிருந்து அவள் ஒவ்வோர் இடமாகத் தேடிப் போனாள். படத்தில் இருந்தவர் நின்ற இடத்திலேயே, அதே நேரத்தில் நின்று, அவர் பார்த்த திசையில் எடுத்தாள். பேருந்து ஜன்னலில் கன்னம் சாய்த்திருந்த பெண் பார்த்தது ஒரு தங்கும் விடுதியின் மதிலுக்கு மேல் தெரிந்த நீல நீச்சல்குளம். சந்தையில் மீன் அரிந்துகொண்டே தலை நிமிர்ந்தவள் பார்த்தது எதிர் வரிசையில் பூட்டிய ஒரு கடை. அந்த மீன்காரியின் அக்கா கடை அது; அக்கா இறந்ததிலிருந்து யாரும் அதைத் திறக்கவில்லை. ஆறு கடலில் விழும் முனையில் அந்தக் கிழவரைப் பிடித்து, படத்தைக் காட்டிக் கேட்டாள். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"பக்கத்துக் கல்லுல உக்காந்திருக்கானே, அவன் வாளியத்தான் தாயி. எத்தனை மீன் கெடக்குன்னு."

"தினமும் பார்ப்பீங்களா?"

"நாப்பது வருஷமா பாக்குறேன். என் வாளியப் பாக்கத்தான் நேரம் கெடைக்கல."

நூரிஸ் சிரிக்கவில்லை. பக்கத்துக் கல்லில் இருந்த வாளியை, உள்ளே மூன்று மீன் தெரியும்படி, மிகத் தெளிவாக எடுத்தாள்.

எட்டு மாதத்தில் இருபத்து மூன்று படங்கள் சேர்ந்தன. குழுவில் மேசைமேல் அடுக்கியபோது யெஸித் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார். தெளிவு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. எடில்சா ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"பதினேழாவது எங்கே?" என்றாள்.

நூரிஸ் மழுப்பப் பார்த்தாள். முடியவில்லை. படிக்கட்டில் இறங்கும்போது, யாரும் இல்லாத இடத்தில் நின்று சொன்னாள்.

"அன்னைக்கு யெஸித் உன் படக் கத்தையை மடியில வச்சுப் புரட்டிப் புரட்டி ரசிச்சிட்டிருந்தார்ல. அதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். போதுமா?"

"தெரியும்."

"தெரியுமா?"

"அதனாலதானே எடுத்தேன். அவர் நல்லாருக்கும்பார், அடுத்த வாரம் மறந்துடுவார். என் படத்தை நீ பார்த்த மாதிரி யாரும் பார்த்ததில்ல கொமாத்ரே. உன் மூஞ்சியப் பார்த்தப்புறம்தான் எனக்கே நம்பிக்கை வந்துச்சு."

நூரிஸுக்குக் கோபம் வருவதா வெட்கம் வருவதா என்று தெரியவில்லை, இரண்டும் வந்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடில்சா அதே கத்தையைப் பையில் போட்டுக்கொண்டு வந்து கூப்பிட்டாள். இருவரும் போர்த்தோ கொலம்பியாவுக்குப் பேருந்தில் போனார்கள். எடில்சா கத்தையை மணலில் வைத்து, காற்றுக்கு ஒரு கல்லைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, படம் எடுத்துக்கொள் என்று தள்ளி நின்றாள். நூரிஸ் எடுத்தாள்.

இரண்டு வரிசைப் படங்களும் பக்கத்து நகரமான சாந்தா மார்த்தாவில் ஒரே கூடத்தில் எதிரெதிர் சுவரில் மாட்டப்பட்டன. வந்தவர்கள் நடுவில் நின்று, ஆளையும் அவர் பார்த்ததையும் மாறி மாறித் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் அழைப்பிதழில் எடில்சாவின் பெயர்தான் முதலில் இருந்தது. அகரவரிசை என்றார்கள். குடும்பப் பெயரை வைத்துப் போட்டிருந்தால் அல்தமார்தானே முன்னால் வரும் என்று நூரிஸ் பேருந்தில் திரும்பும்வரை வில்ஃப்ரிதோவிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். எந்தச் சுவருக்கு முன்னால் அதிகம் பேர் நின்றார்கள் என்றும் எண்ணி வைத்திருந்தாள். எடில்சா பக்கம் ஆறு பேர் கூடுதல்.

அவள் இன்னும் கார்களைத்தான் எடுக்கிறாள். சனிக்கிழமைகளில் இருவரும் நூலகத்துக்குப் போகிறார்கள். ஆளுக்கு ஒரு புத்தகம் எடுத்து, அது எதுவென்று மற்றவளுக்குத் தெரியாதபடி பழுப்புத்தாளில் அட்டை போட்டு, ஒரே மேசையில் எதிரெதிராக உட்கார்ந்து படிக்கிறார்கள்.