நாற்பத்தெட்டு நாள் மாத்திரை

என் வீட்டுக்காரரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எழுதும்போது அவர் என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் இதில் அவள் என்றுதான் எழுதப் போகிறேன். நேரில் ஒருநாளும் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

நான் ஹுன்னஸ்கிரிய பக்கம் தோட்டத்தில் பிறந்தவள். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கண்டியில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். இருபத்தொன்பது வயதில் நாவலப்பிட்டிக்கு வாழ்க்கைப்பட்டேன். அந்த வீட்டில் மாமியார் இல்லை. தாய் இறந்த பிறகு தம்பியை வளர்த்தவள் அண்ணிதான். அவள், அவள் புருஷன், பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள், நாங்கள் இரண்டு பேர்.

சமையலறைச் சுவரில் காலண்டர் தொங்கும். கேஸ் சிலிண்டர் மாற்றிய நாளுக்கு அண்ணி வட்டம் போடுவாள். எனக்கு மாதவிடாய் வந்த நாளுக்குப் பெருக்கல் குறி போடுவாள். இரண்டும் ஒரே சிவப்புப் பேனா. தண்ணீர் குடிக்க உள்ளே வருகிற யாரும் அதைப் பார்க்கலாம். அவள் புருஷன் தினமும் பார்த்தார். முதல் மாதத்தில் வெட்கத்தில் செத்தேன். பிறகு பழகிவிட்டது. பழகியதற்காகவும் எனக்கு என்மேல் கோபம் உண்டு.

இரண்டு வருடமாகியும் பிள்ளை இல்லை. அண்ணி வழி சொன்னாள். அம்மனுக்கு ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், விளக்கேற்ற வேண்டும். ஒருநாளும் விடக்கூடாது.

“நடுவுல நாள் வருமே அண்ணி?” என்று கேட்டேன்.

“வராம பாத்துக்கலாம். பாமசியில மாத்திரை இருக்கு. கல்யாணம், திருவிழான்னா எல்லாப் பொம்பளைகளும் குடிக்கிறதுதான். நீ என்னமோ புதுசா வந்த மாதிரி முழிக்கிற.”

“அவரு தனியா படுக்கணுமா?”

“ஏன், சாமி வந்து பிள்ளை குடுத்துட்டுப் போகுமா? சாயந்தரம் தலைக்குக் குளிச்சிட்டு விளக்கேத்து, போதும்.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

மாதவிடாய் முடிந்து தலைக்குக் குளித்த மறுநாளே மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும் என்பது அவள் சட்டம். முன்கூட்டியே தொடங்கினால்தான் நிச்சயமாம். ஒரு நாளைக்கு மூன்று. காலை மாத்திரையை அவளே கொண்டுவந்து கையில் வைத்து, விழுங்கும்வரை நின்று பார்ப்பாள். மார்பு கனக்கும், தலை இடிக்கும், வயிறு உப்பிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் அந்த உப்பலைப் பார்த்து ஆசைப்படுவேன். நாற்பத்தெட்டாம் நாள் மாத்திரை முடியும். மூன்றாம் நாள் இரத்தம் வரும். அண்ணி காலண்டரில் குறி போட்டுவிட்டு, “இந்தத் தடவையும் இல்ல,” என்பாள்.

வருடத்துக்கு இரண்டு மண்டலம், சில வருடம் மூன்று. மிச்ச மாதங்களில் நவராத்திரி, கந்தசஷ்டி, தைப்பூசம், ஆடி. அதற்கும் மாத்திரைதான். இப்படி ஆறு வருடம் போனது. பக்கத்து வீட்டு விசேஷத்தில் யாராவது என் கையில் குழந்தையைக் கொடுத்தால், அண்ணி வந்து வாங்கிக்கொள்வாள். “அவளுக்குத் தூக்கிப் பழக்கமில்ல,” என்பாள். மலடி என்ற சொல்லை என் முகத்துக்கு நேரே ஒருமுறைதான் சொன்னாள். என் வளைகாப்புச் சேலை என்று நான் ஆசையாக எடுத்து வைத்திருந்த பச்சைச் சேலையை அவள் மகளின் நடன விழாவுக்கு வெட்டித் தைக்கச் சொன்ன நாளில். “மலடி அலுமாரியில கெடந்து என்ன பண்ணப் போகுது?” தையல்காரி நான்தானே, நானே வெட்டினேன்.

முப்பத்தெட்டு வயதில், அண்ணிக்குத் தெரியாமல், கண்டியில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் சிங்களத்தில் கேட்டதைத் தமிழ் பேசும் ஒரு நர்ஸ் மிஸ் எனக்குச் சொன்னார். முக்காடு போட்ட சின்ன வயசுக்காரர். என்ன மருந்து குடிக்கிறீர்கள் என்று கேட்டபோது, காலி மாத்திரை அட்டையைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

“இது மாதவிடாயைத் தள்ளிப் போடுறது. எப்ப குடிச்சீங்க?”

விரதக் கதையைச் சொன்னேன். மிஸ் பேனாவைக் கீழே வைத்தார்.

“குளிச்ச மறுநாள்ள இருந்தா?”

“ஆமா மிஸ்.”

“ஆறு வருஷமா?”

அவர் ஒரு தாளை எடுத்து வட்டம் வரைந்தார். ஒரு மாதம் என்பது அந்த வட்டம். மூளைக்கு அடியில் பட்டாணி அளவு ஒரு சுரப்பி இருக்கிறதாம். மாதவிடாய் முடிகிற சமயத்தில் அது சூலகத்துக்கு ஹோர்மோன் அனுப்பி, ஒரு முட்டையைத் தயார் பண்ணு என்கிறது. முட்டை முற்ற முற்றச் சூலகம் ஈஸ்ட்ரஜனைச் சுரக்கிறது. அது கருப்பைக்குள் மெத்தை போடுகிறது. வட்டத்தின் நடுவில் முட்டை வெளியே வரும். அதற்குப் பிறகு வருவது புரொஜெஸ்டரோன். பிள்ளை வந்தால் தங்கட்டும் என்று அந்த மெத்தையைக் கழன்றுவிடாமல் தாங்கிப் பிடிப்பது அதன் வேலை. பிள்ளை இல்லையென்றால் அது குறைந்துவிடும். மெத்தை கழன்று வரும். அதுதான் மாதவிடாய்.

“தீட்டுன்னு நீங்க சொல்றது பிள்ளைக்குப் போட்ட மெத்தை. அழுக்கு இல்ல.”

என் மாத்திரையில் இருந்தது புரொஜெஸ்டரோனைப் போலச் செய்த ஒன்று. மாதவிடாய்க்கு மூன்று நாள் முன்னால் தொடங்கினால் மெத்தையைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். குளித்த கையோடு தொடங்கினால் வேறு வேலை செய்யும். முட்டை ஏற்கெனவே வந்துவிட்டது என்று மூளை ஏமாந்து, புதிதாக ஒன்றை அனுப்பச் சொல்லாது. கருப்பை வாயிலும் சளி கெட்டியாகி விந்தை உள்ளே விடாது. கருத்தடை மாத்திரை, மூன்று மாத ஊசி எல்லாம் அநேகமாக இதே வழியில்தான் வேலை செய்கின்றன என்றார்.

“அப்போ நான்...”

“பிள்ளை கேட்டு விளக்கு வச்சிருக்கீங்க. பிள்ளை வராம இருக்க மருந்தும் குடிச்சிருக்கீங்க.” பிறகு என் முகத்தைப் பார்த்து, “வேற காரணமும் இருக்கலாம். டெஸ்ட் எடுத்துப் பாப்போம்,” என்றார்.

இருக்கலாம். ஆனால் அந்த ஆறு வருடத்தில் வேறு காரணத்துக்கு இடமே வைக்கவில்லை.

மாத்திரையை விட்டேன். அடுத்த இரண்டு வருடம் கிளினிக்குக்கு அலைந்தேன். முட்டை கையிருப்பு குறைந்துவிட்டது, வயது என்றார்கள். அண்ணியிடம் மிஸ் சொன்னதை ஒருநாள் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். “சாமிக்குக் குடிச்ச மாத்திரை பிள்ளையைத் தடுக்குமா? நல்லா படிச்சிட்டு வந்திருக்க,” என்று சிரித்தாள். அறியாமல் செய்தவள்தானே என்று நானும் மனதை ஆற்றிக்கொண்டேன். கொஞ்ச நாளில் நாங்கள் கெலிஓயாவுக்கு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அறியாமல் செய்யவில்லை என்பது அவள் மகளுக்குக் கல்யாணமான வருடம் தெரிந்தது. ஆடித் திருவிழாவுக்கு எல்லோரும் நாவலப்பிட்டியில் கூடியிருந்தோம். நான் பின்பக்கம் தேங்காய் துருவிவிட்டுப் பாத்திரத்தோடு வந்தேன். சமையலறையில் தாயும் மகளும்.

“அம்மா, தேரன்னைக்கு எனக்கு நாள் வரும் போல. அந்த மாத்திரை இருக்கா?”

“உனக்கு எதுக்குடி அது? கல்யாணமாகி மூணு மாசந்தான் ஆச்சு. அதைக் குடிச்சா பிள்ளை தள்ளிப் போகும். பாமசிக்காரரு அப்பவே சொன்னாரு.”

“அப்போ அத்தைக்கு மட்டும் குடுத்தீங்க?”

“அவ கதை வேற. சாமி விளக்கு எரியிற வீட்டுல தீட்டோட நடமாட விடச் சொல்றியா?”

நான் தேங்காய்ப் பாத்திரத்தை வாசற்படியிலேயே வைத்தேன். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அழவில்லை. அப்பவே என்ற அந்தச் சொல்லைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். “அக்கா வேணும்னு செஞ்சிருக்க மாட்டா, விடு,” என்றார். விடவில்லை.

போன வருடம் அந்த மகளுக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு. இரண்டு நாள் முன்னால் அண்ணி போன் பண்ணினாள்.

“பிள்ளை பெத்தவங்கதான் வளையல் போடுவாங்க, நீ மனசுல வச்சுக்காத. சமையலை நீ பாத்துக்க. உன் புளிச்சாதம் யாருக்கும் வராது. நாள் ஒண்ணும் இல்லையே? இருந்தா சொல்லு, மாத்திரை வாங்கி வைக்கிறேன்.”

எனக்கு அப்போது நாற்பத்தாறு. “இல்ல அண்ணி,” என்றேன்.

விடிகாலை பஸ்ஸில் போனேன். புளி, தேங்காய், எலுமிச்சை, தயிர், சர்க்கரைப் பொங்கல், ஐந்தும் என் கையால். சாமிக்குப் படையலும் நான்தான் வைத்தேன். பெண்கள் வளையல் போட்டுப் பாட்டுப் பாடுகிறபோது கதவோரம் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் சாப்பிட்டார்கள். அண்ணி புளிச்சாதத்தை மூன்றாம் தடவை வாங்கினாள். மகளுக்குப் பொங்கலைத் தன் கையால் ஊட்டினாள்.

அவள் கை கழுவப் பின்பக்கம் வந்தபோது நான் தண்ணீர் ஊற்றினேன். காதுக்குப் பக்கத்தில் போய், “அண்ணி, காலையிலேயே நாள் வந்துருச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு,” என்றேன்.

கழுவிய கை அப்படியே நின்றது. “படையல்?” என்றாள். பிறகு, “புள்ள பொங்கல் சாப்பிட்டாளே,” என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கத்த முடியவில்லை அவளால். கத்தினால் உள்ளே இருக்கிற எழுபது பேரும் இலையைப் பார்த்திருப்பார்கள். சம்பந்தி வீட்டாரும் அங்கேதான்.

அடுத்த இரண்டு மாதமும் அவள் தூங்கவில்லை என்று வீட்டுக்காரர் வந்து சொன்னார். ஏனென்று யாருக்கும் தெரியாதாம். மூன்று கோயிலுக்குப் போய் எலுமிச்சை வெட்டினாளாம். மகளை ஸ்கேனுக்கு அடிக்கடி இழுத்தாளாம். நான் கெலிஓயாவில் மெஷினை மிதித்துக்கொண்டு அதையெல்லாம் கேட்டேன். என் கைச்சமையலால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. மெத்தையையும் வட்டத்தையும் எனக்கு மிஸ் வரைந்து காட்டியிருந்தார். அவளுக்கு யாரும் காட்டவில்லை. நானும் காட்டப் போவதில்லை.

இங்கே மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு நாள் வரவில்லை. அதற்கு முந்திய ஐந்து மாதமும் வரவில்லை. முட்டை தீர்ந்து, ஈஸ்ட்ரஜன் குறைந்து, மெத்தை போடுகிற வேலையே நிற்கும் வயது. உடம்பு அந்த உதவியை எனக்குச் செய்யவில்லை. வாயால்தான் செய்தேன். காலண்டரில் குறி போட்டுக்கொண்டிருந்தவளுக்கு, அந்தக் குறி நின்றுபோனது தெரியாமல் போய்விட்டது.

ஆண் குழந்தை. மூன்றேகால் கிலோ. முப்பத்தோராம் நாள் பெயர் வைக்கப் போனபோது, அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“ஏ புள்ள, அன்னைக்கு நீ சொன்னது பொய்தானே? பொய்ன்னு ஒரு வார்த்தை சொல்லிரு.”

அவள் மகள் வந்து, “அத்தை, பிடிங்க,” என்று குழந்தையை என் கையில் வைத்தாள். அண்ணியின் கைகள் பழக்கத்தில் முன்னால் வந்தன, பாதியில் நின்றன. குழந்தையை வாங்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ஞாபகமில்ல அண்ணி,” என்றேன். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்பக்கம் நடந்தேன்.