கோச்சை மாற்றப்போன சிவநேசன்

சுவிஸின் கூர் நகரத்துக் கல்லூரியொன்றின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு நிரந்தர ரசிகர் என்று சொல்ல ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் சிவநேசன். அறுபதை நெருங்கும் வயது. ஹோட்டல் ஒன்றில் சமையல் வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டு அமளி ஓய்ந்ததும் ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு, வெங்காய வாசம் போகாத கையோடு நேரே விளையாட்டு மண்டபத்துக்கு வந்து கலரியின் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிடுவார். மற்றப் பெற்றோர்களும் வருவதுண்டு. தங்கள் பிள்ளை களத்தில் நிற்கும்வரை இருந்துவிட்டுக் கோப்பி குடிக்க இறங்கிவிடுவார்கள். சிவநேசன் முதல் விசிலிலிருந்து கடைசி விசில்வரை அசையமாட்டார். இத்தனைக்கும் அவருடைய மகள் லக்சாயினி படிப்பை முடித்துக்கொண்டு சூரிச்சில் வேலைக்குப் போய் இரண்டு வருடமாகிவிட்டது.

மகள் விளையாடிய காலத்திலும் அவள் பெரும்பாலும் களத்தின் ஓரத்தில், மாற்று ஆட்கள் உட்காரும் வாங்கில்தான் இருந்தாள். அவளுக்குப் பந்து கூடைக்குள் போகாது. அது அவளுக்கே தெரியும். தகப்பனுக்கு மட்டும் தெரியாது. பிள்ளையை வேண்டுமென்றே இருத்தி வைத்த கோச் என்றுதான் அவர் ரேட்டோவை முதன்முதலில் மனதில் குறித்துக்கொண்டார்.

ரேட்டோ அதே கல்லூரியில் பாலம் கட்டுவது எப்படி என்று படிப்பிக்கிறவர். உயர்ந்து மெலிந்த மனிதர். எந்தக் காலநிலையிலும் ஒரே கம்பளிச் சட்டை. காந்தக் காய்கள் ஒட்டிய சின்னப் பலகையொன்றைக் கையிலேயே வைத்திருப்பார். டைம் அவுட் எடுத்து அதில் அம்புக்குறிகள் கீறத் தொடங்கினாரென்றால் பிள்ளைகள் ஐந்து பேரும் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்ப்பார்கள். கீறி முடிவதற்குள் விசில் ஊதிவிடும். அதிலும், தங்கள் பக்கம் பந்து நன்றாக விழுந்துகொண்டிருக்கும் நேரம் பார்த்துத்தான் அவருக்கு டைம் அவுட் எடுக்கிற எண்ணம் வரும். யார் என்ன பிழை விட்டாலும் கையைத் தட்டி "சூப்பர்" என்பார். பந்தை எதிரணியின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தாலும் சூப்பர்தான். தோற்ற பிறகு எதிரணிக்காரர், நடுவர், மண்டபம் கூட்டுகிறவர் என்று எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டு மலர்ந்த முகத்தோடு போவார். அந்த மலர்ந்த முகத்தைத்தான் சிவநேசனால் தாங்க முடியவில்லை.

ஆரம்பத்தில் களைத்துப்போன வீராங்கனையை வெளியே எடுக்கச் சொல்லித்தான் "ஆளை மாத்து" என்று கத்தினார். அந்த ஊர் ஜெர்மன் மொழியில், டொச்சில், கத்தியிருக்கலாம். ஆனால் கோபம் வந்தால் அவருக்கு டொச் வராது. தோல்விகள் சேரச் சேர, மாற்றப்பட வேண்டிய ஆள் வேறு என்பது அவருக்குத் தெளிவாகிவிட்டது. குரல் அதேதான். குறி மட்டும் ரேட்டோவின் கம்பளிச் சட்டைக்கு மாறிவிட்டது. "மாத்து! ஆளை மாத்து!"

சிவநேசனின் மனைவி செல்வராணி முதியோர் இல்லமொன்றில் வேலை செய்பவர். லோசானில் இருக்கும் தங்கையைப் பார்க்க ஒரு ஞாயிறாவது போய்வருவோம் என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனவர்.

"மகளும் அங்கை இல்லை. அவையள் வெல்லுறதும் இல்லை. பிறகு என்னத்துக்குப் போறியள்?" என்று ஒருநாள் நேரடியாகவே கேட்டார்.

"இடையிலை விட்டிட்டு வரேலாது," என்றார் சிவநேசன். எதன் இடையில் என்பதை அவர் விளக்கவில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிறு நடந்ததுதான் அவரைத் துணிய வைத்தது. ஆட்டம் தொடங்குமுன் பிள்ளைகள் வட்டமாக நின்று கைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார்கள். வழக்கமாக ஏதோ டொச்சில் சொல்லிக் கலைவார்கள். அன்றைக்கு அத்தனை பேரும் ஒரே குரலில் "மாத்து!" என்று கத்தினார்கள். சிவநேசன் இருக்கையைவிட்டு எழுந்தே விட்டார். அணியில் தமிழ்ப்பிள்ளை ஒருத்திதான்; ஊஸ்டரிலிருந்து வந்து படிக்கும் மயூரி. அவள் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், பிள்ளைகளும் கோச்சை மாற்றத்தான் கேட்கிறார்கள், வாய்விட்டுச் சொல்லப் பயந்து தன்னுடைய சொல்லைக் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று அவர் முடிவு கட்டினார். பாவம் பிள்ளைகள். இனித் தான் சும்மா இருந்தால் சரியில்லை.

ஆளை மாற்றுவது அவருக்குப் புதிய வேலையுமல்ல. கோயில் நிர்வாகசபையில் இருந்த காலத்தில் இரண்டு தலைவர்களையும் ஒரு பொருளாளரையும் மாற்றிக் காட்டியவர். அடுத்த வாரமே தோய்த்து மினுக்கிய சேர்ட்டைப் போட்டுக்கொண்டு கல்லூரியின் விளையாட்டுப் பொறுப்பாளர் திருமதி கப்லிஷைச் சந்திக்கப் போனார்.

சிவநேசனுடைய டொச் முப்பது வருடமாகச் சமையலறையில் வளர்ந்த டொச். கட்டளைகளுக்கு நன்றாக உதவும், மற்றவைக்கு அவ்வளவு வசதியில்லை. ரேட்டோ நீண்ட நேரம் அடுப்பில் இருந்துவிட்டதாகவும், இனி இறக்க வேண்டுமென்றும், புதிதாக ஒன்றை ஏற்ற வேண்டுமென்றும் அவர் விளக்கினார். அம்மையாருக்கு அது முழுவதுமாக விளங்கியது. விளங்கியது மட்டுமல்ல, முகமும் மலர்ந்தது. கோப்பி வரவழைத்துக் கொடுத்துவிட்டு விடயத்தைச் சொன்னார்.

ரேட்டோ போன வருடமே தன்னை விட்டுவிடும்படி கேட்டவராம். சம்பளமில்லாத வேலை, வேறு யாரும் முன்வரவில்லை. ஒவ்வொரு தடவை அவர் கேட்கும்போதும், கலரியில் ஒரு மனிதர் தவறாமல் வந்து உற்சாகப்படுத்துகிறாரே, அவருக்காகவாவது இருங்கள் என்று சொல்லித்தான் அம்மையார் மறித்து வைத்திருக்கிறார். இப்போது அந்த மனிதரே வந்து போதும் என்று சொன்ன பிறகு, ரேட்டோவை மறிக்க நியாயமில்லை. பருவம் முடிந்ததும் அணியைக் கலைத்துவிடலாம். மண்டபத்தை ஞாயிறுகளில் யோகா வகுப்புக்குக் கேட்டு ஆட்கள் காத்திருக்கிறார்கள். நேரில் வந்து சொன்னதற்கு மிகவும் நன்றி.

சிவநேசன் வெற்றி பெற்ற மனிதனாகத்தான் படியிறங்கினார். பாதிப் படியில் நின்றார். கலைத்துவிடலாம் என்ற சொல் அப்போதுதான் உள்ளே போய்ச் சேர்ந்தது. கோச்சை மாற்றத்தான் வந்தாரே தவிர, அணியை மூடுவதற்கு அல்ல. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வது? லோசானில் மைத்துனியின் வீட்டுச் சோபாவும், சகலன் தன் முதுகுவலியைப் பற்றிச் சொல்லும் நீண்ட கதையும் அவர் கண்முன் வந்து நின்றன.

திரும்ப ஏறிப்போய் மாற்றிச் சொல்ல மானம் விடவில்லை. நேரே ரேட்டோவைத் தேடிப் போனார். அவர் மண்டபத்தில் தனியாக இருந்து பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். சிவநேசனைக் கண்டதும் பழைய சிநேகிதனைக் கண்டதுபோல எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். அம்மையார் அதற்குள் தொலைபேசியில் சொல்லியிருந்தார். விடுதலை கிடைத்துவிட்டதாம். அடுத்த மாரியில் ஞாயிறுகளில் பனிச்சறுக்கப் போகலாமாம். சறுக்குப் பலகைகளை இன்றைக்கே நிலவறையிலிருந்து எடுத்து வைக்கப்போகிறாராம். எல்லாம் உங்களால்தான் என்றார்.

போகவேண்டாம் என்று சிவநேசன் சொன்னார். சொல்லும்போது தன் குரலே தனக்குப் புதிதாக இருந்தது. நீங்கள் நல்ல கோச் என்றும் சொன்னார். பலகை நன்றாக இருக்கிறது, அம்புக்குறிகள் நன்றாக இருக்கின்றன என்றார். இதைவிடப் புகழ அவருக்கு டொச்சிலும் வழியில்லை, மனச்சாட்சியிலும் இடமில்லை.

ரேட்டோவின் கண் கலங்கிவிட்டது.

"எனக்குத் தெரியும்," என்றார். "இரண்டு வருடமாக நீங்கள் எனக்குத்தானே கத்துகிறீர்கள். மாத்து, மாத்து என்று. அதன் கருத்தை மயூரி எனக்குச் சொன்னாள். மனம் தளராதே என்று அர்த்தமாமே. எவ்வளவு அழகான சொல். நான்தான் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். இப்போது ஆட்டத்துக்கு முன் எல்லோரும் சேர்ந்து அதைத்தான் சொல்கிறோம். சரியாக உச்சரிக்கிறோமா?"

"ஓம்," என்றார் சிவநேசன். தமிழில் சொன்னது தெரிந்து டொச்சிலும் ஒருமுறை சொன்னார்.

பயிற்சிக்கு வந்த மயூரியைத் தாழ்வாரத்தில் மறித்துப் பிடித்தார். ஏன் அப்படிப் பொய் சொன்னாய் என்று கேட்டார்.

"பின்னை என்ன மாமா சொல்லுறது? அந்த மனுசன் அவ்வளவு ஆசையா வந்து கேட்டது," என்றாள் அவள். "நீங்கள் இனிப்போய் உண்மையைச் சொல்லிப்போடாதேங்கோ. நாங்கள் தோக்கிறதை ஏதோ ஒரு மாதிரித் தாங்குவம். அவர் அழுதாரெண்டால் எங்களாலை தாங்கேலாது."

ரேட்டோ கடைசியில் சம்மதித்தார். ஒரு நிபந்தனை. மனம் தளராத இந்த மனிதர் கலரியில் அல்ல, தன் பக்கத்தில் வாங்கில் இருக்க வேண்டும். போத்தல்களுக்குத் தண்ணீர் நிரப்புவது, பந்துப் பையைக் காவுவது, வெளியூர் ஆட்டங்களுக்கு ரயில் நேரம் பார்ப்பது, எல்லாம் அவர் பொறுப்பு. சிவநேசன் ஒப்புக்கொண்டார். வேறு என்ன செய்வது?

கலரியிலிருந்து பார்க்கும்போது மிக மெதுவாகத் தெரிந்த ஆட்டம் வாங்கிலிருந்து பார்த்தால் கண்ணால் பிடிக்க முடியாத வேகத்தில் ஓடியது. யாரை மாற்றுவது என்று ரேட்டோ மரியாதைக்கு ஒருமுறை கேட்டார். சிவநேசன் காட்டிய பிள்ளைதான் அதுவரை அதிகப் புள்ளி எடுத்தவள். அவளை எடுத்ததும் எதிரணி எட்டுப் புள்ளி தொடர்ச்சியாகப் போட்டது. மூன்றாவது வாரம் அவர் நடுவரைப் பார்த்துச் சமையலறை டொச்சில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். நடுவரும் சமையலறையில் வேலை செய்தவரோ என்னவோ, அந்த வார்த்தை அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வாங்குக்குத் தண்டனை கொடுத்தார். அதனால் எதிரணிக்கு ஒரு புள்ளி. சிவநேசன் தலையைக் குனிந்தார். ரேட்டோ அவருடைய தோளில் தட்டி "சூப்பர்" என்றார். அந்தப் பருவத்தில் அவரை மிகவும் புண்படுத்திய வார்த்தை அதுதான்.

வீட்டில் செல்வராணி ஒரு மாற்றத்தைக் கவனித்தார். மனிதர் இப்போது கோச்சைத் திட்டுவதில்லை. தோற்றதற்குக் காரணம் சொல்கிறார். அந்தப் பிள்ளைக்கு முழங்காலில் நோ, இன்னொருத்திக்கு நாளைக்குச் சோதனை, அந்த மண்டபத்தின் வெளிச்சம் சரியில்லை. "நீங்களும் அவரை மாதிரியே வந்திட்டியள்," என்றார் செல்வராணி. சிவநேசனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச்சில் கடைசி ஆட்டம். அது ஊஸ்டரில், பிற்பகல் ஒரு மணிக்கு. இரண்டு அணிகளுமே பட்டியலின் அடியில் இருந்தவை. யார் கடைசி என்பது மட்டும்தான் தீர வேண்டியிருந்தது. சிவநேசன் ஹோட்டலில் லீவு எடுத்து, விடிந்ததும் ரயிலேறிவிட்டார். ஆட்டம் இழுபறியாகப் போனது. கடைசி நிமிடங்களில் ரேட்டோ டைம் அவுட் எடுத்துப் பலகையைக் கையில் எடுத்தார். பிள்ளைகள் தண்ணீர் கேட்டார்கள். போத்தல்கள் காலி.

சிவநேசன் போத்தல்களை அள்ளிக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடினார். அங்கே இருந்த குழாய், அமுக்கினால் கொஞ்சம் ஊற்றிவிட்டுத் தானாக நின்றுவிடும் சாதி. திரும்ப அமுக்க வேண்டும். போத்தலின் வாயோ சிறியது. ஒன்று நிறைந்து மற்றது அரைவாசியில் நிற்கும்போது உள்ளே கூரை பறக்கிற மாதிரி ஒரு சத்தம். அவர் போத்தல்களைப் போட்டுவிட்டு ஓடிவந்தபோது பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். ரேட்டோ கம்பளிச் சட்டையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு புள்ளியால் வென்றுவிட்டார்கள்.

யார் போட்டது என்று சிவநேசன் கேட்டார். மயூரி என்றார்கள். எப்படி என்று கேட்டார். அங்கேதான் சிக்கல். பந்து கூடைக்குப் பின்னாலுள்ள பலகையில் பட்டு விழுந்தது என்றாள் ஒருத்தி. வளையத்தில் இரண்டுதரம் குதித்து, யோசித்துத்தான் விழுந்தது என்றாள் இன்னொருத்தி. தான் கீறிய அம்புக்குறியின் வழியே, ஒரு விரலளவும் பிசகாமல் பந்து போனதாக ரேட்டோ சொன்னார். மயூரி அவருக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டி இல்லையென்றாள். கூருக்குத் திரும்பும் ரயிலில் சிவநேசன் இருக்கை இருக்கையாகப் போய், எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே வந்தார். சார்கன்ஸ் வந்தபோது, ஆட்டத்தைப் பார்த்தவர்களைவிட அவருக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

வெளிச்சம் இருக்கும்போதே வீடு சேர்ந்துவிட்டார். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. கதிரை ஒன்றைக் கூடையாக வைத்து, மயூரி எங்கே நின்றாள், யார் குறுக்கே வந்தது, பந்து எப்படி வளையத்தில் ஏறிக் குதித்தது என்று குசினி வாசலில் நின்று செல்வராணிக்கு நடித்துக் காட்டினார். செல்வராணி அகப்பையைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் பார்த்தார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்த மனிதரை இவ்வளவு சந்தோசமாக அவர் கண்டதில்லை.

"அப்ப நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?" என்று கேட்டார்.

"பக்கத்திலைதான்," என்றார் சிவநேசன்.