கலியமூர்த்தி மாட்டிய ஸ்டீரிங்

குடவாசல் பஸ் நிலையத்துச் சுவரில் இருந்த சுவரொட்டியை நானேதான் படித்தேன். முதியோர் வகுப்பில் சேர்ந்த பிறகு எழுத்துள்ள சுவர் எதையும் நான் விடுவதில்லை. முதலில் 'கண்ணீர்' வந்தது. பிறகு 'அஞ்சலி'. அதன் கீழே 'க', 'லி', 'ய' என்று ஒவ்வொன்றாகப் பிடித்தேன். 'மூர்த்தி' வந்து சேர்ந்ததும், இவ்வளவு பெரிய பெயரைத் தப்பில்லாமல் படித்துவிட்ட சந்தோஷத்தில் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் படத்தைப் பார்த்தேன். தலைக்குச் சாயம் அடித்து, பட்டன் போட்ட சட்டையில், செத்த பிறகும் என்னைவிட இளையவனாகத் தெரிந்தான்.

நம் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்துபோன உங்கள் எல்லோருக்கும் அவனைத் தெரியும். ஒரே ஷெட்டில் அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நின்று தலை நரைத்தோம். நான் அவனை மச்சான் என்பேன், அவன் என்னை மாப்ள என்பான். உறவு கிடையாது, பழக்கம்தான். அவன் மேல் எனக்குப் பொறாமை. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. வண்டி கொண்டுவருகிறவர்கள் என் முன்னால் நின்றுகொண்டே, "கலியன் இல்லையா?" என்று கேட்பார்கள். டீயும் அவனுக்குத்தான் முதலில் வரும்.

இறுகிப்போன போல்ட்டோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால், "அதுக்கும் கூச்சம் இருக்கும் மாப்ள, மெதுவாத் தொடு" என்பான். ஷெட்டே சிரிக்கும். மெதுவாகத் தொட்டால் போல்ட்டும் வந்துவிடும். அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பொறாமை மாப்பிள்ளை அழைப்பில்தான். ரைஸ்மில் முதலாளியிடம் ஒரு பழைய அம்பாசடர் உண்டு. ஊரில் பாதி மாப்பிள்ளைகள் அதில் ஏறித்தான் மண்டபத்துக்குப் போனார்கள். மேளத்துக்குப் பின்னால், ஆள் நடக்கிற வேகத்தில், குலுக்காமல் ஓட்ட வேண்டும். எப்போதும் கலியன்தான் ஓட்டுவான். ஒரே ஒரு தடவை அந்த வண்டியை நான் கோயில் வீதிகளில் ஓட்டிப்போக வேண்டும், வாசலில் நின்று என் வீட்டுக்காரி பார்க்க வேண்டும். வேறு பெரிய ஆசை எதுவும் எனக்கு இருந்ததில்லை.

கொஞ்ச வருடங்களுக்கு முன்னால் முதலாளி மகளுக்கே கல்யாணம் வந்தது. வண்டியின் ஸ்டீரிங் தண்டு தேய்ந்து வளைந்துபோயிருந்தது. கால் சுற்று திருப்பின பிறகுதான் சக்கரத்துக்கே தகவல் போகும். தஞ்சாவூர்க் காயலான் கடையில் அதே வண்டியின் தண்டு ஒன்று கிடைத்தது. முதலாளி அதைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்து, "யார் இதை மாட்டுறீங்களோ அவங்களே மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்றார். மாட்டுகிற அன்றைக்கு நான் கலியனுக்கு முன்னால் மில்லுக்குப் போய்விட்டேன்.

அந்த வண்டியில் கியரும் அதே தண்டில்தான். கியர்க் கம்பிகள், ஹாரன் ஒயர் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கலியனுக்கு முழங்கால் முழுசாக மடங்காது. அதனால் பெடல்களுக்கு நடுவே தலையை விட்டு மல்லாந்து படுத்தவன் நான். துரு கண்ணில் கொட்டியது.

"என்ன மாப்ள, உள்ளயே குடித்தனம் பண்ணப் போறியா?"

"நீ வந்து படு மச்சான், தெரியும்."

"நான் படுத்தா தூக்க கிரேன் வரணும்."

பழையது வெளியே வந்தது. புதியதன் அடியில் உள்ள பற்களைச் சக்கரங்கள் நேராக நிற்கும்போது பொருத்த வேண்டும். ஒரு பல் தள்ளிப்போனாலும் ஸ்டீரிங் காலத்துக்கும் கோணல்தான். நான் பின் டயரிலிருந்து முன் டயருக்கு நூல் பிடித்து அளந்தேன். "கொத்தனார் வேலைக்குப் போயிருக்கலாம் நீ" என்றான். மில் ஆட்களைக் கூப்பிட்டு, நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தில் வண்டியைத் தள்ளச் சொன்னான். "யாரும் புடிக்காதீங்க. அதுவே நேராகும்." வண்டி கொஞ்சம் ஓடி, சக்கரம் தானாக நேரானதும், "நிறுத்து" என்றான். இரண்டு விரலால் தண்டை இறக்கினான். கிளக் என்று உட்கார்ந்தது. நான் மறுபடி நூல் பிடித்துப் பார்த்தேன். இம்மியும் பிசகவில்லை.

முதலாளி வந்து திருப்பிப் பார்த்துவிட்டு, "கலியன் கை கைதான்யா!" என்றார். என் தலையிலிருந்து துரு உதிர்ந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம் கலியன் எனக்கு முந்தியே ஸ்டீரிங் பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டான். "மாப்ள, வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு வந்து வண்டிக்கு முன்னால நட" என்றான்.

"ஏன், நான் உனக்கு டவாலியா?"

"நட மாப்ள. நேரா நட."

முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். நடந்தேன். திரும்பியே பார்க்கவில்லை. என் வீட்டு வாசல் வந்தபோது தலையைக் குனிந்துகொண்டேன். வண்டி மூலைகளில் திரும்பிய அழகைத்தான் மண்டபத்தில் எல்லோரும் பேசினார்கள். பல நாள் அவனோடு நான் பேசவில்லை. அதற்குப் பிறகு அவன் மாப்பிள்ளை வண்டி ஓட்டவே இல்லை. திமிர் என்று நினைத்தேன்.

சுவரொட்டியைப் படித்துவிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி என்னைப் பார்த்ததும் அழுதது. நடுவே சிரிப்பும் வந்தது.

"அண்ணே, பொழுது சாஞ்சா அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாது. மில்காரர் வீட்டு அழைப்புல உங்க சட்டைய மட்டும் பாத்துத்தான் வண்டி ஓட்டுனாராம்."

"அப்ப என்கிட்ட குடுத்திருக்கலாமேம்மா?"

"அதான் கடைசின்னு அவருக்குத் தெரியும்ண்ணே. விட மனசு வரல. நான் சத்தம் போட்டேன். அதுக்கு, 'மாப்ள முன்னால போனா நான் கண்ண மூடிக்கிட்டுக்கூட ஓட்டுவேன், அவன் ஒருத்தன்தான் ஒழுங்கா நடப்பான்'னாரு."

வழியில் நான் வெற்றிலை வாங்க ஒதுங்கியிருந்தால் மாப்பிள்ளையும் பெட்டிக்கடைக்குத்தான் வந்திருப்பார். கோயில் வீதிகளில் அந்த வண்டி நான் போன வழியில்தான் வந்திருக்கிறது. அவன் ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தான், அவ்வளவுதான்.

கலியனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு பேச்சைத்தான். ஷெட்டில் இத்தனை காலம் பக்கத்தில் நின்றவனிடம் அதைச் சொல்லாமல், வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான். அவன் வாயால் அதைக் கேட்ட அந்தத் தங்கச்சி மேல் எனக்கு இப்போது பொறாமையாக இருக்கிறது.