ஆண் துணை

யுத்த காலத்தில் பெண்களை விசேஷமாகப் பாதுகாக்க வேண்டும் என்று உலக நாடுகளெல்லாம் கூடி ஒப்பந்தம் போட்டிருப்பதாக, சுதந்திரம் வந்து சில வருஷங்கள் கழித்துப் பேப்பரில் படித்தேன். மற்றவர்கள் சந்தோஷப்பட்டிருக்கலாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. எங்களை ஏற்கெனவே ஒருமுறை விசேஷமாகப் பாதுகாத்திருக்கிறார்கள். அந்தப் பாதுகாப்பிலிருந்து தப்பிக்க அம்மா பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவள் நான்.

ரங்கூனில் குண்டு விழுந்தபோது எனக்குப் பத்து வயது இருக்கும். தம்பி இடுப்பை விட்டு இறங்காத குழந்தை. அப்பா அரிசி மில்லில் குமாஸ்தா. ஜப்பான்காரன் துறைமுகத்துப் பக்கம் போட்ட குண்டில் எங்கள் தெருவில் பாதி போய்விட்டது. ஊரை விட்டுக் கிளம்பலாம் என்று கப்பலடிக்குப் போனால், பெண்களும் குழந்தைகளும் மட்டும்தான் ஏறலாம் என்று அப்பாவைக் கயிற்றுக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள். மலைவழியாக நடந்து வந்துவிடுவதாக அப்பா சொன்னார். சரி, அதுவரைக்கும் நியாயம் என்றே வைத்துக்கொள்வோம்.

மதராஸில் இறங்கியதும் ராயபுரத்தில் ஒரு பழைய கிடங்குக்குக் கொண்டுபோனார்கள். அதுதான் பெண்கள் முகாம். அண்ணனோ மாமனோ வந்து கூப்பிட்டுக்கொண்ட பெண்கள் உடனே போய்விட்டார்கள். அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள யாரும் மிச்சமில்லை. நாங்கள் அங்கேயே கிடந்தோம்.

கிடங்கின் ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரியும். அம்மா அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள். மதராஸிலும் குண்டு போடப் போகிறான் என்ற பேச்சு அப்போது ஊர் முழுக்க இருந்தது. வசதியுள்ளவர்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறிக்கொண்டிருந்தார்கள். எங்களை மட்டும் பாதுகாப்புக்காகத் துறைமுகத்தின் மடியிலேயே உட்கார வைத்திருந்தார்கள்.

அம்மா முகாம் அதிகாரியிடம் போய் நின்றாள். வெற்றிலை போட்ட வாய், நல்ல மனுஷர்தான், அதுதான் கஷ்டம்.

"துணையில்லாத ஸ்திரீகளை வெளியே அனுப்ப எங்களுக்கு உத்தரவில்லைம்மா. வெளியே போய் ஏதாவது ஆயிட்டா யார் பதில் சொல்றது? ஆண் துணை யாராவது வரட்டும்."

"துணைக்கு இருந்த ஆளைத்தான் அங்க கப்பல்ல ஏத்த மாட்டேன்னுட்டாங்களே."

"அது அங்கே. இது இங்கே."

அம்மா தம்பியை இறக்கி மேஜைமேல் உட்கார வைத்தாள். "இவன் ஆம்பளைதாங்க."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். தம்பியின் கன்னத்தைக் கிள்ளினார். எங்களைத் திருப்பி அனுப்பினார். தினமும் போனாள், தினமும் அதே பதில். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும் எனக்கு.

முகாமுக்குச் சவுக்கு விறகு கொண்டுவரும் வண்டிக்காரர் ஒருவர் இருந்தார். விறகை இறக்கிவிட்டு வண்டி காலியாகத் திருவொற்றியூர்ப் பக்கம் திரும்பும். ஒரு நாள் அம்மா அவரிடம் நேரே போய், தனக்கு அண்ணன் என்று சொல்லி எங்களைக் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டாள்.

அவர் தலையைச் சொறிந்தார். "இன்னாம்மா நீ? நீ பொட்டு வச்சிகினு கீற. நான் தொப்பி போட்டுகினு கீறேன். அண்ணன்னா எவன் நம்புவான்?"

"ஆம்பளைன்னா போதும்ணே. வேற எதையும் பாக்க மாட்டாங்க."

அப்படியே நடந்தது. "நம்ம தங்கச்சி சார்" என்று அவர் சொன்னதும், வேறு கேள்வியே இல்லை. தொப்பியையும் பார்க்கவில்லை, பொட்டையும் பார்க்கவில்லை. "காலம் கெட்டுக் கிடக்கு, பத்திரமாப் பாத்துக்கணும்" என்று அவருக்குப் புத்தி சொல்லி, முன்பின் தெரியாத ஒருத்தரிடம் எங்களை ஒப்படைத்துவிட்டார்கள். அவர் நல்லவராக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். முகாமுக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது.

திருவொற்றியூரில் வெளியூர் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு குடும்பம், வீட்டில் விளக்கேற்ற ஆள் வேண்டும் என்று பின்கட்டை எங்களுக்குத் திறந்துவிட்டது. வண்டிக்காரர் டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்தார். "வர்ட்டாம்மா" என்றார். மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அப்பா வந்தால் தெரிய வேண்டுமே என்று அம்மா அத்தனை தூரம் நடந்து போய் முகாம் வாசல் காவல்காரரிடம் எங்கள் இடத்தைச் சொல்லிவிட்டு வருவாள். வாரம் தவறாமல் போனாள்.

மழைக்காலத்தில் அப்பா வந்தார். கால் வீங்கி, கண் உள்ளே போய், யாரோ பிச்சைக்காரர் என்று நினைத்துவிட்டேன். அம்மா ஓடினாள். அப்பா வாசற்படியிலேயே நின்றார். தம்பி வேட்டியைப் பிடித்து இழுத்தான், அவர் குனிந்து பார்க்கவில்லை.

முகாம் காவல்காரர் அவரிடம் சொன்னது இதுதான். "உன் வூட்டுக்காரம்மா ஒரு ஆளோட வண்டியேறிப் போயிட்ச்சு. திருவொத்தியூர்ல கீது." ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அந்த வார்த்தைகளைச் சுமந்துகொண்டுதான் ராயபுரத்திலிருந்து நடந்து வந்திருக்கிறார். மலையையும் காட்டையும் தாண்டி வந்த மனுஷர், நாங்கள் உயிரோடிருப்பதைப் பார்த்த பிறகு கேட்ட முதல் கேள்வி, "யாரு அந்த ஆளு?"

"வெறகு வண்டிக்காரர். நம்மளை வெளிய கொண்டாந்து விட்டாரு."

"பேரு என்ன?"

"தெரியாது."

நிஜமாகவே அவளுக்குத் தெரியாது. கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. நான் கூடவே இருந்தேன், நானும் சொன்னேன். சின்னப் பெண் பேச்சு என்று தள்ளிவிட்டார். அன்றிரவு ஒன்றாக உட்கார்ந்து கஞ்சி குடித்தோம். பிறகு அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. ஆனால் தெருவில் விறகு வண்டி போகும் சத்தம் கேட்டால், அப்பா இன்றைக்கும் வண்டியைப் பார்ப்பதில்லை. அம்மாவின் முகத்தைத்தான் பார்க்கிறார்.