ஊதினால் பறந்துவிடுவான்

இன்று என் தம்பியை வண்டியில் பின்னால் ஏற்றிக்கொள்ள எங்கள் ஊரில் யாரும் துணிவதில்லை. டயர் வெடித்தால் செலவு அவரவருடையது. அப்படிப்பட்டவன் ஒரு காலத்தில் குச்சிக்குச் சட்டை மாட்டியது போல இருந்தான் என்றால் அவன் பெண்டாட்டியே நம்ப மாட்டாள்.

அவனுக்கு இரண்டு வயதில் காய்ச்சல் விட்டு விட்டு வந்து ஆளையே உருக்கிவிட்டது. ஆஸ்பத்திரி மருந்தைக் கொடுத்தால் கொடுத்த கையோடு கக்கினான். அம்மாவோடு கரும்பு வெட்டப் போகிற அக்கா ஒருத்தி எட்டிப் பார்த்து, "இன்னாடி, ஊதுனா பறந்துடுவான் போலக்கீது" என்றாள். அடுத்த மூச்சிலேயே, "சங்கராபுரம் பள்ளிவாசலுக்குத் தூக்கினு போ. தொழுதுட்டு வர்ற பாய்ங்க ஊதுவாங்க, சரியாப் பூடும்" என்றாள்.

எனக்கு அப்போது ஆறு வயது. ஊதினால் பறப்பான் என்று சொன்ன வாயே ஊதுகிற இடத்துக்கும் வழி சொல்கிறது. பெரியவர்களுக்குப் புத்தி கம்மி என்று எனக்கு ஏற்கெனவே சந்தேகம் உண்டு.

பள்ளிவாசல் முன்னால் பெண்கள் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். தம்பியைத் தூக்கிக்கொண்டு அம்மாவும், கூடவே நானும் நின்றோம். பொழுது சாய்ந்து தொழுகை முடிந்தது. முதலில் வெளியே வந்த தாடிக்காரப் பெரியவர், தம்பியைப் பார்த்தபடி வாய்க்குள் ஏதோ சொன்னார். பிறகு உதட்டைக் குவித்தார். நான் பாய்ந்து தம்பியின் அரைஞாண்கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாம்மா பண்றே?"

"பறந்துடுவான்" என்றேன்.

அம்மா பதறி, "தெரியாத புள்ள, ஒண்ணும் நெனச்சிக்காதீங்க பாய்" என்றாள். அவர் கோபிக்கவில்லை. "இது அடுப்பு ஊதறது இல்லம்மா, ஓதி ஊதறது. ஓதுனது புள்ள மேல போய்ச் சேரணும், அதுக்குத்தான் காத்து. நீ வேணா புடிச்சிக்க" என்று மெல்ல ஊதினார். தம்பியின் முடிகூட அசையவில்லை. போகிற போக்கில் என் தலையிலும் ஊதிவிட்டுப் போனார். எனக்குக் காய்ச்சல் இல்லை. இருந்தாலும் ஓசியில் வந்ததை விடுவானேன் என்று நின்றேன்.

திரும்பும் பஸ்ஸில், "நான் புடிச்சதாலதான் அவன் பறக்கல" என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். அம்மா சிரிக்கத் தொடங்கினாள். பாதியில் அது அழுகையாகிவிட்டது.

"ஆமாண்டி. வுட்டுடாத, புடிச்சிக்கினே வா" என்றாள்.

கை வலிக்க வலிக்க வீடு வரைக்கும் பிடித்துக்கொண்டு வந்தேன். சிரித்தவள் ஏன் அழுதாள் என்று எனக்குப் புரியவில்லை. எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒருத்தி பிறந்தாள், அவளும் இப்படிக் காய்ச்சலில் கிடந்துதான் போனாள் என்பதை எனக்கு யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை.