அக்காவின் கன்னத்தில் ஒரு கீறல்

இன்று ஜெராக்ஸ் கடையில் லாமினேஷன் இயந்திரத்தின் சூடான பிளாஸ்டிக் வாசனை வந்ததும், நான் எட்டாவது படித்த 2003 வாக்கில் மேற்குத் தாம்பரத்தில் மாடிப்படி ஏறிப் போகும் அந்த ஸ்டூடியோ நினைவுக்கு வந்தது. இப்போது அங்கே மொபைல் கடை. அப்போது நீலத் திரை, பவுடர் டப்பா, நூலில் கட்டிய சீப்பு, மின்சார ரயில் போகும்போதெல்லாம் லேசாக அதிரும் கண்ணாடி, மூலையில் புதிதாக வந்த கம்ப்யூட்டர். அதில் படங்களைத் திருத்தும் ஸ்டூடியோ அண்ணாவின் நாற்காலிக்குப் பின்னால் குடும்பத்தோடு நின்று குறை சொல்வது அங்கே வழக்கம்.

அன்று கம்ப்யூட்டர் திரையில் இருந்தது, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப எடுத்த அக்காவின் படம்.

"கொஞ்சம் கலர் ஏத்துங்க. கன்னத்துல அந்தத் தழும்பு வேணாம்," என்றாள் அம்மா.

ஆறு வயதில் நான் ஸ்டீல் ஸ்கேலால் கீறியது அது. கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள். அண்ணா மவுஸை இரண்டு முறை சொடுக்கியதும் தழும்பு போய்விட்டது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அக்கா குனிந்து பார்த்தாள். "அண்ணா, அத திரும்ப வைங்க. நேர்ல பாத்துட்டு வேற பொண்ணுன்னு சொல்லிடப் போறாங்க."

"அப்போ கலரையும் கொறச்சிடவாம்மா?"

"அது இருக்கட்டும். அம்மா ஆசைப்படுறாங்க."

திரும்பும்போது பேருந்தில், படம் இருந்த உறையை நான்தான் வைத்திருந்தேன். இரண்டு முறை பிரித்துப் பார்த்தேன். வெளுத்த கன்னத்தில் என் கீறல் முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தது.