வெறுங்கை வீடு

என் தங்கச்சி விரலை ஆட்டினால் பனி விலகும். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் விடிகாலையில் எதிர்வீட்டுக் கதவே தெரியாது. அவள் வாசலில் நின்று "போ" என்பாள், கோயில் வரைக்கும் வழி விட்டுவிடும். யாரும் இல்லாத நேரம் பார்த்து நானும் எத்தனையோ தடவை விரலை ஆட்டியிருக்கிறேன். சளிதான் பிடித்தது.

இப்படிப்பட்டவர்கள் வெளியே தெரியாமல் ஒரு கூட்டமாகவே இருக்கிறார்களாம். அதில் ஓர் ஆன்ட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் பூக்கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "வெறுங்கை வீட்டுல இப்படி ஒரு பிள்ளையா!" என்று வியந்தார். வித்தை இல்லாத குடும்பத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் அது. அப்பாவுக்கு எங்கே தெரியும்? வந்தவருக்கு ஒன்றும் கொடுக்காததைக் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்து, உள்ளே ஓடி, ஒரு பை தேயிலைத்தூளும் இரண்டு முட்டைக்கோசும் எடுத்து வந்து அவர் மடியில் வைத்தார்.

"மன்னிச்சிக்குங்கம்மா, நீங்க வர்றது தெரியாது லா."

ஆன்ட்டி சிரித்து முடிக்க நேரமானது. அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். இந்த மாதிரிப் பிள்ளையைக் கூட்டத்தார் தங்களோடு கொண்டுபோய்விடுவது பழைய வழக்கம். வீட்டில் யாரும் அழக்கூடாது என்று, எல்லார் மனசிலிருந்தும் அந்தப் பிள்ளையைத் துடைத்துவிடுவார்களாம். இவர் அவர்களோடு சண்டை பிடித்து, எங்கள் வீட்டில் மட்டும் வேறு மாதிரி செய்துபார்க்க அனுமதி வாங்கியிருந்தார். ஞாயிறுதோறும் வந்து இங்கேயே சொல்லித்தருவார். ஒன்றுதான் தேவை. பனியை நகர்த்தினால் தங்கச்சியின் கை விறைத்துவிடும். அந்தக் குளிரை வித்தைக்காரர் கை எடுக்காது, வெறுங்கைதான் எடுக்கும். வீட்டு ஆள் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பழைய வழக்கம்தான்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஞாயிற்றுக்கிழமை காய்கறித் தோட்டத்தில் வேலை. ஆக, அது என் தலையில் விழுந்தது. அவளுக்கு வித்தை, எனக்கு விறைப்பு. அவளுக்குப் புது சுவெட்டர், கெட்டிக்காரி என்ற பெயர். எனக்கு "நல்லா இறுக்கிப் பிடிம்மா."

ஒரு ஞாயிறு, முடியாது என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் தண்ணீர்க் குழாயடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். கொண்டுபோகட்டும், சனியன் விட்டது என்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் வழக்கம்போலப் பயம் வந்தது. எதற்கும் பயப்படுகிற பிறவி நான். பின்னால் மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டதும் பரீட்சைக்குப் பயந்துதான். எல்லாம் மறந்த பிறகு, வாசலில் ஒரு சின்னச் செருப்பு கிடந்தால் யாருடையது என்று நினைப்பேன்? என் போர்வையில் பாதி எதற்குக் காலியாக இருக்கிறது என்று யாரிடம் கேட்பேன்?

ஆன்ட்டி வந்து பக்கத்தில் குந்தினார். திட்டவில்லை.

"எனக்கும் ஒரு அக்கா இருக்காங்க. திரிங்காப்பு ஊர்ல ஒரு பூந்தோட்டத்துல பூ வெட்டுறாங்க. இங்க வர்றப்பல்லாம் அவங்ககிட்டதான் பூ வாங்குவேன்."

"அப்ப அவங்கள வந்து பிடிக்கச் சொல்லுங்க."

"நான் யாருன்னே அவங்களுக்குத் தெரியாதும்மா."

கொடுத்துவைத்த அக்கா என்று நினைத்தேன். விறைக்க வேண்டாம், பொறாமைப்பட வேண்டாம்.

உள்ளே தங்கச்சி "அக்கா, கை வலிக்குதுக்கா" என்று அழுதாள். வேறு வழியில்லாமல் எழுந்துபோய்ப் பிடித்துக்கொண்டேன். ஐஸ் கட்டி மாதிரி இருந்தது. அவள் என் தோளில் மூக்கைத் துடைத்தாள்.

ஆன்ட்டி கதவருகிலேயே நின்று எங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும்; நான் தங்கச்சியின் சுவெட்டரைப் பார்க்கிற பார்வை. இவ்வளவு வித்தை தெரிந்தவருக்கு எங்களிடம் என்ன பொறாமை என்றுதான் விளங்கவில்லை.